மாணவர் மன்றத்துக்கு அமைப்பு விதிகள் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படித்தபோது வாசிப்பு மன்றத்தின் செயலாளராக இருந்தேன். பிறகு ஆய்வு மாணவராக அங்கேயே தொடர்ந்த ஆண்டுகளில் திரைப்பட மன்றம், இயற்கை மன்றம், நாடகக் குழு, விவாத மன்றம் என்று ஒவ்வொருவராகத் தங்கள் விதி வரைவுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, என் பதிலை எழுதியிருக்கிறேன். மன்றம் என்று இங்கே நான் சொல்வது பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் சிறிய மாணவர் அமைப்பை. எல்லா மாணவர்களுக்குமான மாணவர் பேரவை வேறு. அதற்கு வேறு சட்டங்கள் உண்டு.

நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் நண்பர்கள். எங்களுக்குள் எதற்கு விதி?

உங்கள் பன்னிரண்டு பேருக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். எந்தச் சிக்கலும் ஒரு மாலைப் பேச்சில் தீர்ந்துவிடும். ஆனால் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் உங்களில் ஒருவர்கூட வளாகத்தில் இருக்கமாட்டீர்கள். அன்றைக்கு மன்றத்தை நடத்துகிறவர்களை நீங்கள் பார்த்தே இருக்கமாட்டீர்கள். விதிகளை எழுதுவது அவர்களுக்காக.

எங்கள் வாசிப்பு மன்றத்தைத் தொடங்கிய சில மாதங்களில், துறை நூலகத்தின் மூலை அலமாரியில் நாற்பது புத்தகங்கள் கிடைத்தன. உள்ளட்டையில் எங்கள் மன்றத்தின் பெயரே முத்திரையாகக் குத்தியிருந்தது. எங்களுக்கு முன்பே அதே பெயரில் ஒரு மன்றம் இருந்திருக்கிறது. யார் நடத்தினார்கள், ஏன் நின்றது, புத்தகங்கள் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. அவர்களும் நண்பர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இதற்கு என்ன பெயர்? சட்டமா, விதியா, யாப்பா?

தமிழ்நாட்டில் அமைப்பு விதிகள், சட்டதிட்டங்கள் இரண்டும் வழக்கில் உள்ளன. இலங்கையில் சங்கத்தின் யாப்பு என்பார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைவிட முக்கியமான ஒரு பிரிவினை இருக்கிறது: மாற்றுவதற்குக் கடினமான அமைப்பு விதிகள் ஒரு தாளிலும், செயற்குழுவே மாற்றிக்கொள்ளக்கூடிய நடைமுறை விதிகள் வேறொரு தாளிலும் இருக்க வேண்டும்.

ஆண்டுச் சந்தா எவ்வளவு, வாரக் கூட்டம் எந்தக் கிழமை, புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை நடைமுறை விதிகளில் போக வேண்டியவை. ‘சந்தா 50 ரூபாய்’ என்று அமைப்பு விதியில் எழுதிவிட்டால், அதை 60 ஆக்கப் பொதுக்குழுவைக் கூட்டி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேடி அலைய வேண்டியிருக்கும். ‘சந்தாவைச் செயற்குழு ஆண்டுதோறும் நிர்ணயித்து ஜூலைக்குள் அறிவிக்கும்’ என்று எழுதினால் போதும்.

எத்தனை பக்கம் எழுத வேண்டும்? எதெல்லாம் இருந்தே தீர வேண்டும்?

நான்கு முதல் ஆறு பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். படிக்காத விதி சண்டை வரும் நாளில் மட்டும் ஆயுதமாக வெளியே வரும். பெயர், நோக்கம், உறுப்பினர், நிர்வாகிகளும் அவர்கள் கடமையும், தேர்தல், கூட்டமும் கோரமும் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), பணம், நீக்கம், பொறுப்பு ஒப்படைப்பு, திருத்தம், கலைப்பு ஆகியவை இல்லாமல் முடியாது. இவற்றில் பலரும் விட்டுவிடுவது ஒப்படைப்பையும் கலைப்பையும்.

எழுதி முடித்ததும் மன்றத்தோடு தொடர்பில்லாத ஒரு முதலாண்டு மாணவரிடம் கொடுங்கள். ‘பொருளாளர் திடீரென்று படிப்பை விட்டுப் போய்விட்டால் காசோலையில் யார் கையெழுத்திடுவது?’ என்று கேளுங்கள். யாரிடமும் கேட்காமல் தாளைப் பார்த்தே அவர் பதில் சொன்னால் வரைவு நன்றாக இருக்கிறது.

வேறொரு கல்லூரி மன்றத்தின் விதி கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

படிக்கலாம், கடன் வாங்கலாம், அப்படியே ஒட்டக்கூடாது. நான் பார்த்த ஒரு வரைவில் ‘மாநிலக் கிளைகளின் பிரதிநிதிகள்’ என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த மன்றத்தில் மொத்தம் முப்பது பேர், கிளை ஏதும் கிடையாது. வேண்டாத பிரிவை எடுக்க மறந்தவர்கள், தங்களுக்கு வேண்டிய பிரிவைச் சேர்க்கவும் மறந்திருந்தார்கள்: நாடகக் குழுவாக இருந்தும் உடைகளும் ஒலிக்கருவிகளும் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை.

தமிழில் எழுதலாமா? அலுவலகத்தில் ஏற்பார்களா?

எழுதலாம், எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். உறுப்பினர்கள் எந்த மொழியில் வாதாடுவார்களோ அந்த மொழியில் விதி இருந்தால், விதியைச் சொல்லி வாதாடுவார்கள். இல்லையென்றால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவர் சொல்வதே விதியாகிவிடும். அலுவலகம் ஆங்கிலப் படி கேட்டால் இரண்டையும் கொடுங்கள். இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதை மட்டும் கடைசிப் பிரிவில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

நோக்கத்தை எப்படி எழுதுவது? ‘மாணவர்களின் அனைத்துத் திறனையும் வளர்த்தல்’ போதாதா?

போதாது. ஒன்றை மறுக்க உதவாத நோக்கம் நோக்கமே அல்ல. ஓர் அரசியல் கட்சிப் பிரமுகர் உங்கள் மன்றத்தின் பெயரில் விழா நடத்தக் கேட்கிறார், ஒரு பயிற்சி நிறுவனம் உறுப்பினர்களின் கைப்பேசி எண்களைக் கேட்கிறது. ‘எங்கள் நோக்கத்தில் இது இல்லை’ என்று இருபது வயது மாணவர் ஒருவர் நிமிர்ந்து சொல்வதற்கு அந்த வரி உதவ வேண்டும். ‘வளாகத்தையும் அதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளையும் சார்ந்த பறவைகளைக் கவனித்துப் பதிவு செய்தல், அதை மற்ற மாணவர்களுக்குக் கற்றுத் தருதல்’ என்று இயற்கை மன்றம் எழுதியது. அது நோக்கம்.

யாரையெல்லாம் உறுப்பினராக்கலாம்? படிப்பை முடித்தவர்கள் தொடரலாமா?

வாக்குரிமை உள்ள உறுப்பினர் என்றால் நடப்பு மாணவர் மட்டும்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். முன்னாள் மாணவர்கள் வரட்டும், பேசட்டும், நன்கொடை தரட்டும். அவர்களைக் கௌரவ உறுப்பினர் என்று அழையுங்கள். வாக்கு மட்டும் வேண்டாம். வேலைக்குப் போனவர் ஊருக்கு வரும்போதெல்லாம் மன்றத்தை வழிநடத்தினால், உள்ளே இருப்பவர்கள் கடைசிவரை கற்றுக்கொள்ளாமலே போய்விடுவார்கள். இது எனக்கும் பொருந்தும். ஆய்வை முடித்து வெளியேறியதும் என் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து போய்விட்டது, அப்படித்தான் போக வேண்டும்.

சாதி, மதம், பாலினம், மொழி, உடற்குறை எதைக் காரணம் காட்டியும் உறுப்புரிமை மறுக்கப்படாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். ‘நாங்கள் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லையே’ என்பார்கள். நல்லது, எழுதி வைப்பதில் அப்போது தயக்கம் எதற்கு?

தலைவர், செயலாளர், பொருளாளர் போதுமா? இணை, துணை எல்லாம் வேண்டுமா?

மூன்று பேரும், அவர்களோடு நான்கு செயற்குழு உறுப்பினர்களும் போதும். பதவிகளைப் பெருக்கினால் வேலை பெருகுவதில்லை, பெயர்ப்பலகைதான் பெருகுகிறது. ஒரே ஒரு கூடுதல் விதியைப் பரிந்துரைப்பேன்: செயற்குழுவில் குறைந்தது இருவர் அடுத்த ஆண்டும் வளாகத்தில் இருக்கப்போகிற மாணவர்களாக இருக்க வேண்டும். ஒப்படைப்பு பற்றிப் பின்னால் சொல்லப்போவது முழுவதும் இந்த இருவரை நம்பித்தான் நிற்கிறது.

தேர்தல் வைத்தால் பகை வளரும். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?

ஒருமனதாக அமைந்தால் மகிழ்ச்சி. ஆனால் ‘ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவர்’ என்று விதியில் எழுதாதீர்கள். எதிர்க்க நினைப்பவரின் வாயை அடைப்பதற்கே அந்தச் சொல் பயன்படும். மனு கேட்க வேண்டும், ஒரே மனு வந்தால் போட்டியின்றித் தேர்வு, இரண்டு வந்தால் இரகசிய வாக்கெடுப்பு. அவ்வளவுதான். போட்டியிடாத ஒருவர் தேர்தலை நடத்த வேண்டும்.

மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்றது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு, செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு, தேர்தல் நடைமுறை முழுவதும் பத்து நாளுக்குள் முடிதல், முடிவு வந்த இரண்டு வாரத்தில் செலவுக் கணக்கு, நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம் என்பவை அதில் உண்டு. அவை பேரவைக்கானவை, முப்பது பேர் உள்ள திரைப்பட மன்றத்துக்கு எல்லாமே தேவைப்படாது. பத்து நாள் வரம்பையும் ஒருமுறை என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே தலைவர் மூன்று ஆண்டு இருந்த மன்றம் அவர் பட்டம் வாங்கிய மாதத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கோரம் எவ்வளவு வைப்பது? மூன்றில் இரண்டு பங்கு என்றால் கண்ணியமாக இருக்கிறதே?

இந்த ஒரு கேள்வியில் தவறினால் மற்ற எல்லா விதியும் முடங்கும். கோரம் என்பது ஒரு கூட்டம் செல்லுபடியாவதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. எண்பது உறுப்பினர் உள்ள மன்றத்தில் மூன்றில் இரண்டு என்றால் 54 பேர். உள்மதிப்பீட்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் 54 பேரை எங்கே தேடுவது? கூட்டம் கூடாது, கணக்கு ஒப்புதல் பெறாது, தேர்தல் தள்ளிப்போகும். பழைய நிர்வாகிகளே தொடர்வார்கள், அவர்கள் விரும்பாவிட்டாலும். நாடாளுமன்ற அவைகளுக்கே நம் அரசியலமைப்பு பத்தில் ஒரு பங்கைத்தான் கோரமாக வைத்திருக்கிறது; மக்களவையில் 543 இடங்களுக்கு 55 பேர் போதும்.

பொதுக்குழுவுக்கு நான்கில் ஒரு பங்கு, செயற்குழுவுக்குப் பாதிக்கு மேல் என்பது என் அனுபவத்தில் தாங்குகிறது. கோரம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அதே பிரிவில் எழுதுங்கள்: அரைமணி நேரம் காத்திருந்து ஒத்திவைக்க வேண்டும், ஏழு நாள் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் கூடும் கூட்டத்துக்கு வந்தவர்களே கோரம், ஆனால் முன்பு அறிவித்த நிகழ்ச்சி நிரலில் உள்ளதை மட்டுமே முடிவு செய்யலாம். கடைசி நிபந்தனை இல்லையென்றால், ஆள் வராத நாளைப் பார்த்துப் புதிய தீர்மானத்தை நுழைப்பவர்கள் வருவார்கள். விதித் திருத்தம், நீக்கம், கலைப்பு ஆகிய மூன்றுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘உறுப்பினர்’ என்றால் அன்றைய தேதியில் பட்டியலில் பெயர் உள்ளவர் என்றும் வரையறுங்கள். போன ஆண்டு படிப்பை முடித்துப் போனவர்களையும் எண்ணிக்கொண்டு கோரம் இல்லை என்று அழுத ஒரு செயலாளரைத் தேற்றியிருக்கிறேன்.

எங்கள் தீர்மானத்துக்கு 19 வாக்கு. அது மூன்றில் இரண்டு பங்கா, இல்லையா? பாதிப் பேர் ஆம் என்கிறார்கள், பாதிப் பேர் இல்லை என்கிறார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது சரியாகவே இருக்கலாம். அந்த மன்றத்தில் மொத்தம் 60 பேர். கூட்டத்துக்கு வந்தவர்கள் 30. ஆதரவு 19, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 3. மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு 40, தோல்வி. வந்தவர்களில் மூன்றில் இரண்டு 20. ஒரு வாக்கில் தோல்வி. வாக்களித்த 27 பேரில் மூன்றில் இரண்டு 18, வெற்றி. அவர்கள் விதியில் ‘மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு’ என்று மட்டும் இருந்தது. எதில் மூன்றில் இரண்டு என்று எழுதவில்லை. ஒரு செமஸ்டர் முழுவதும் அந்தச் சண்டையில் போயிற்று.

எங்கெல்லாம் பின்னம் வருகிறதோ அங்கெல்லாம் ‘வந்திருந்து வாக்களித்தவர்களில்’ என்றோ ‘மொத்த உறுப்பினர்களில்’ என்றோ கட்டாயம் சேருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டினால் வாக்கா?

விதி அனுமதித்தால் வாக்கு, இல்லையென்றால் வெறும் கருத்து. அவசரச் செயற்குழு முடிவுகளுக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்பது என் எண்ணம்: தீர்மானத்தின் முழு வாசகம் பதிவிடப்பட வேண்டும், 48 மணி நேரம் அவகாசம் தர வேண்டும், எல்லோரும் பெயரோடு ஆம், இல்லை என்று எழுத வேண்டும், அடுத்த நேரடிக் கூட்டத்தில் அது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். தேர்தலுக்கும் நீக்கத்துக்கும் கூடவே கூடாது. அங்கே இரகசியம் வேண்டும்; குழுவில் யார் எப்படி வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வங்கிக் கணக்கு தொடங்குவது சிரமம். பொருளாளரின் யுபிஐ எண்ணிலேயே பணம் வாங்கலாமே?

எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் வேண்டாம். திருட்டைப் பற்றி நான் பேசவில்லை. மன்றப் பணமும் வீட்டிலிருந்து வந்த விடுதிக் கட்டணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், நேர்மையான ஒருவரால்கூடத் தன் நேர்மையை நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பொருளாளர் தன் கையிலிருந்து பணம் போட்டு விழாவை நடத்தினார். கடைசியில் அவர்தான் எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு வந்தது. அவர் மறுபடி எந்த மன்றத்திலும் சேரவில்லை.

துறையின் அல்லது மாணவர் நலப் பிரிவின் கணக்கில் மன்றத்துக்குத் தனித் தலைப்பு கேளுங்கள். அல்லது பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு மன்றத்தின் பெயரில் கணக்கு தொடங்கி, இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். கையில் வைத்திருக்கும் ரொக்கத்துக்கு ஒரு வரம்பு, ஒவ்வொரு வரவுக்கும் எண்ணிட்ட ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், செமஸ்டருக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் கணக்கு. செயற்குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் ஆண்டு முடிவில் தணிக்கை செய்ய வேண்டும்.

இன்னொரு விதியை உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் அந்த ஊர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குலுக்கல் குடத்தில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்கிறது அது. அந்தச் சபை பிராமண ஊரொன்றின் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் தந்தது. அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உறவினரை விலக்குவதும் இன்றைக்கு நியாயமாகாது. ஆனால் ‘கணக்கு ஒப்படைக்காதவர் எந்தப் பதவிக்கும் போட்டியிட முடியாது’ என்ற ஒரு வரி இன்றும் வேலை செய்கிறது.

சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் வலிமை கூடுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்ய முடியும். வளாக மன்றத்துக்கு அது பெரும்பாலும் சுமை. ஆண்டுதோறும் பதிவாளரிடம் ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று ஆண்டில் எல்லோரும் மாறிவிடும் அமைப்பில் அதை யார் நினைவில் வைத்திருப்பது? பல்கலைக்கழக அங்கீகாரம் போதும்.

ஆசிரியர் ஒருங்கிணைப்பாளர் ‘வேண்டாம்’ என்றால் எங்கள் தீர்மானம் செல்லாதா?

அவருக்கு என்ன அதிகாரம் என்று நீங்கள் எழுதாவிட்டால் எல்லா அதிகாரமும் அவரிடம் போய்ச் சேரும். அது அவர் குற்றமும் அல்ல. ஏதாவது நடந்தால் துறைத்தலைவர் கேட்பது அவரைத்தான். ஆகவே இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பாதுகாப்பு, வளாகத்துக்கு வெளியே பயணம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவு ஆகியவற்றுக்கு அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். எந்தப் புத்தகத்தைப் பேசுவது, எந்தப் படத்தைத் திரையிடுவது, யாரைத் தலைவராக்குவது ஆகியவற்றில் அவர் ஆலோசனை சொல்வார், முடிவு உறுப்பினர்களுடையது.

மறுப்பதானால் காரணத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், அதன் மீது மாணவர் நல முதன்மையரிடம் முறையிடலாம் என்று ஒரு வரி சேருங்கள். நான் பார்த்த நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் யாரும் இந்த வரியை எதிர்த்ததில்லை. ‘எனக்கும் இது பாதுகாப்புதான்’ என்றார் ஒரு பேராசிரியை.

பல்கலைக்கழக விதி ஒன்று சொல்கிறது, எங்கள் விதி வேறு சொல்கிறது. எது நிற்கும்?

பல்கலைக்கழக விதிதான். ‘முரண்படும் பகுதி மட்டும் செல்லாது, மற்றவை தொடரும்’ என்று எழுதிவிட்டால், ஒரு வரிக்காக முழுத் தாளும் விழாது. ஆனால் எது உண்மையிலேயே பல்கலைக்கழக விதி, எது அலுவலகத்தில் ஒருவர் வாய்வழியாகச் சொன்னது என்று பிரித்துப் பாருங்கள். சுற்றறிக்கை எண்ணையும் தேதியையும் பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தலைவர் எதையும் செய்வதில்லை. விலகவும் மாட்டேன் என்கிறார். எப்படி நீக்குவது?

முதலில் ‘செய்யாமை’ என்றால் என்ன என்று விதியில் இருக்கிறதா பாருங்கள். தொடர்ந்து மூன்று செயற்குழுக் கூட்டங்களுக்குக் காரணம் தெரிவிக்காமல் வராதவர் பதவி இழப்பார் என்ற விதி இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அதற்கு நம்பிக்கையில்லாத் தீர்மானமே தேவையில்லை. யாரும் யாரையும் பழிக்க வேண்டியதில்லை.

தீர்மானம்தான் வழி என்றால்: உறுப்பினர்களில் ஐந்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் காரணத்தோடு கடிதம் தர வேண்டும், பதினைந்து நாளுக்குள் பொதுக்குழு கூட வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பேச வாய்ப்பு வேண்டும், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கக்கூடாது. கடிதத்தைச் செயலாளர் வாங்க மறுத்தால் ஒருங்கிணைப்பாளரிடம் தரலாம் என்பதையும் எழுதுங்கள். மறுத்த செயலாளர்கள் உண்டு.

ஓர் உறுப்பினர் மீது பாலியல் தொல்லைப் புகார் வந்திருக்கிறது. செயற்குழு விசாரிக்கலாமா?

கூடாது. நல்லெண்ணத்தோடும் கூடாது. பல்கலைக்கழகத்தில் உள்ளகப் புகார்க் குழு சட்டப்படி இருக்க வேண்டும்: 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் அதற்கு வழி செய்கின்றன, மாணவர்களும் அதில் அடங்குவர். புகார் சொன்னவருக்கு அந்தக் குழுவின் வழியைக் காட்டுவதும், அவர் விரும்பினால் உடன் செல்வதும், பெயரை வெளியே சொல்லாமல் இருப்பதுமே மன்றத்தின் கடமை. இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது பெருந்தவறு. பகடிவதை (ராகிங்) புகாருக்கும் இதே அணுகுமுறைதான். அதற்குத் தனிக் குழுவும், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் உள்ளன.

விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் மன்றப் பொறுப்பிலிருந்து விலகி நிற்பார் என்று மட்டும் உங்கள் விதியில் எழுதலாம். அது தண்டனையாகக் கருதப்படாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

வாக்கு சரிபாதியாகப் பிரிந்தால்?

தலைமை தாங்குபவருக்கு அப்போது மட்டும் ஒரு முடிவு வாக்கு தரலாம். நாடாளுமன்றத்தில் சபாநாயகருக்கு உள்ளது போல, முதலில் வாக்களிக்காமல் இருக்க வேண்டும். தேர்தலில் சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கல்.

இரண்டு ஆண்டாக ஒரு விதியை யாரும் பின்பற்றவில்லை. அது செத்துவிட்டதா?

இல்லை. திருத்தும்வரை விதி உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதை ஒருநாள் திடீரென்று ஒருவர் மீது மட்டும் பாய்ச்சினால் அநீதி. நான் சொல்லும் வழி: பொதுக்குழுவில் அந்த விதியைப் படித்துக் காட்டி, ‘இது மீறப்பட்டு வந்திருக்கிறது; இதுவரை எடுத்த முடிவுகளை ஏற்கிறோம்; இனி இதைப் பின்பற்றுவோம்’ என்றோ, ‘இதைத் திருத்துவோம்’ என்றோ தீர்மானம் போடுங்கள். பின்பற்ற முடியாத விதி என்றால் பெரும்பாலும் எழுதியவர்களிடம்தான் தவறு. கோரம் பற்றிய பதிலில் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு அதற்கு எடுத்துக்காட்டு.

முதல் விதியை யார் ஏற்பது? பிறகு எப்படித் திருத்துவது?

முதல் முறை தொடக்கக் கூட்டத்துக்கு வந்த எல்லோரும் பிரிவு பிரிவாகப் படித்து, சாதாரணப் பெரும்பான்மையால் ஏற்கலாம். ஏற்ற தேதியும் கையெழுத்தும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். திருத்தத்துக்கு நம் அரசியலமைப்பின் 368-ஆம் பிரிவிலுள்ள இரட்டைப் பூட்டு நல்ல முன்மாதிரி: வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் வேண்டும். பெரிய மன்றத்துக்கு இரண்டாவது பூட்டு கடினமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். திருத்த வாசகம் பழையதும் புதியதும் அருகருகே பதினான்கு நாளுக்கு முன்பே எல்லோருக்கும் போக வேண்டும்.

திருத்துவதற்கு வெட்கப்படாதீர்கள். உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டிய விதியையே இரண்டாண்டில் மாற்றியது: 919-இல் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு 921-இல் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றானது.

பொறுப்பு ஒப்படைப்பை விதியில் எழுத வேண்டுமா? கைகுலுக்கிச் சாவியைக் கொடுத்தால் போதாதா?

எழுத வேண்டும். தேர்தல் முடிந்த பத்து நாளுக்குள் பழைய செயற்குழுவும் புதிய செயற்குழுவும் சேர்ந்து ஒரு கூட்டம். நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், வங்கி ஆவணம், பொருட்பட்டியல், முத்திரை, மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், சமூக ஊடகப் பக்கங்களின் நிர்வாக உரிமை என்று ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு படி துறை அலுவலகத்தில் இருக்கட்டும். மின்னஞ்சல் கணக்கு மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதன் மீட்பு எண் யாருடைய சொந்தக் கைப்பேசி எண்ணாகவும் இருக்கக்கூடாது. ஐந்தாண்டுப் புகைப்படங்களை ஒரு நாடகக் குழு இப்படித்தான் இழந்தது: எண் வைத்திருந்தவர் வெளிநாடு போய் எண்ணை மாற்றிவிட்டார்.

இதற்காகவே தேர்தலைப் பிப்ரவரியில் வையுங்கள். ஜூனில் வைத்தால் ஒப்படைக்க வேண்டியவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.

மன்றத்தைக் கலைப்பது பற்றி இப்போதே எழுதுவது அபசகுனம் இல்லையா?

என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் பலர். எங்கள் வரைவைப் படித்தபோதும் இதே தயக்கம் எழுந்தது. பிறகு ஒருவர் அந்த நாற்பது புத்தகங்களை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதன்பின் யாரும் பேசவில்லை. அன்றைக்கு எழுதிய பிரிவு இது: ‘தொடர்ந்து இரண்டு கல்வியாண்டுகள் பொதுக்குழு கூடாமல் இருந்தால் மன்றம் கலைந்ததாகக் கருதப்படும். கையிருப்புப் பணம் மாணவர் நல நிதிக்குச் செல்லும். புத்தகங்கள் துறை நூலகத்தின் பொதுச் சேர்க்கையில் சேரும். குறிப்பேடுகள் துறை அலுவலகத்தில் வைக்கப்படும். இதே நோக்கத்தோடு பின்னாளில் மாணவர்கள் மன்றம் தொடங்கினால், அவர்கள் கேட்டதும் இவை அனைத்தும் அவர்களிடம் தரப்படும்.’